ரிப்போர்ட் மாறவில்லை, சார்

"வேற யாரோட ரிப்போர்ட்டோ மாறி வந்திடுச்சா பாருங்க டாக்டர். நான் இன்னா குண்டாவா கீறேன்?"

இதற்குப் பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய்த்தான் எழுத உட்கார்ந்தேன். வேலூரில் ஸ்கேன் பார்ப்பது என் தொழில். ஒல்லியாக வந்து படுக்கிறவர்களின் வயிற்றில் ஃபேட்டி லிவரை, அதாவது கல்லீரலில் கொழுப்பு படிந்திருப்பதை, பார்ப்பது இப்போதெல்லாம் எனக்கு அதிசயமே இல்லை. அவர்களுக்குத்தான் ஒவ்வொரு முறையும் அதிசயமாக இருக்கிறது.

போன வாரம் வந்தவர் ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனியில் சூப்பர்வைசர். வயது 38, உயரம் 168 செ.மீ., எடை 64 கிலோ. வயிற்று வலி என்று வந்தார். வலது விலா ஓரம் ஸ்கேன் கருவியை வைத்ததுமே தெரிந்துவிட்டது. பக்கத்தில் இருக்கும் கிட்னியைவிட லிவர் பளிச்சென்று வெளுத்திருந்தது, உள்ளே ஓடும் ரத்தக்குழாய்களின் கரை மங்கியிருந்தது. கிரேடு 2, அதாவது நடுத்தர அளவுக் கொழுப்பு. ரிப்போர்ட்டில் ஃபேட்டி லிவர் என்று பார்த்ததும் அவர் மனைவி முறைத்த முறைப்பு இருக்கிறதே! "எனக்குத் தெரியாம குடிக்கிறீங்களா?" பாவம், அந்த மனுஷன் குடிப்பவரே இல்லை. நான் குறுக்கே புகுந்து சமாதானம் செய்து அனுப்பினேன். ஸ்கேன் டாக்டர் வேலையில் இதுவும் சேர்த்தி.

குடிக்கிறவர்களுக்கு ஃபேட்டி லிவர் வரும், சரி. குடிக்காதவர்களுக்கும் வரும். குண்டானவர்களுக்கு வரும், ஒல்லியானவர்களுக்கும் வரும். எடை மெஷின் மொத்தக் கிலோவைத்தான் காட்டும், அதில் தசை எவ்வளவு, கொழுப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லாது. நம்மில் பலருக்கு கை கால் குச்சியாக இருக்கும், வயிறு மட்டும் லேசாக முன்னால் தள்ளும். அதைத் தொப்பை என்று யாரும் ஒப்புக்கொள்வதில்லை. "சாப்பிட்டு வந்தேன் டாக்டர், அதான்" என்பார்கள். வெறும் வயிற்றில் ஸ்கேனுக்கு வந்து படுத்துக்கொண்டு!

இது நம் ஊர் உடல்வாகு. 2004-இல் லான்செட் மருத்துவ இதழில் இரண்டு டாக்டர்களின் படம் வந்தது. ஒருவர் புனேவின் யாக்னிக், இன்னொருவர் லண்டனின் யுட்கின். இரண்டு பேருக்கும் பி.எம்.ஐ. (உயரத்துக்கு எடை சரியா என்று பார்க்கும் கணக்கு) ஒன்றேதான், 22.3. உடலில் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2 சதவீதம். பார்வைக்கு இரண்டு பேரும் ஒல்லி. அதனால்தான் இந்தியர்களுக்குப் பி.எம்.ஐ. 23 வந்தாலே அதிக எடை என்று கணக்கு வைத்திருக்கிறார்கள். அந்த 23-க்குக் கீழே இருந்தாலும் நிம்மதி கிடையாது என்பதற்கு நம் சூப்பர்வைசரே சாட்சி. அவர் 22.7. ஃபேட்டி லிவரோடு சர்க்கரையும் ரத்தக் கொழுப்பும் ஏறியிருக்கலாம் என்பதால் ரத்தப் பரிசோதனைக்கு அனுப்பினேன். மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் HbA1c 6.1 சதவீதம். 5.7-இலிருந்து 6.4 வரை சர்க்கரை நோயின் வாசற்படி. டிரைகிளிசரைடு என்கிற ரத்தக் கொழுப்பு 260, அது 150-க்குள் இருக்க வேண்டும்.

எடையை விடுங்கள், இடுப்பை அளந்து பாருங்கள். "என் பேன்ட் சைஸ் 32தானே" என்று சொல்லாதீர்கள். பேன்ட்டை நீங்கள் வயிற்றுக்குக் கீழே இறக்கிப் போடுகிறீர்கள். டெய்லர் டேப்பை எடுத்து, கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சைச் சாதாரணமாக விட்டபடி அளக்க வேண்டும். வயிற்றை எக்கினால் ஏமாறுவது நீங்கள்தான். ஆண்களுக்கு 90 செ.மீ., பெண்களுக்கு 80 செ.மீ. தாண்டக் கூடாது. அப்பா அம்மாவுக்குச் சர்க்கரை இருந்தாலோ, கர்ப்ப காலத்தில் சர்க்கரை வந்து போயிருந்தாலோ, பின்கழுத்தில் எவ்வளவு தேய்த்துக் குளித்தாலும் போகாத கருப்பு படிந்திருந்தாலோ, டேப் என்ன சொன்னாலும் டெஸ்ட் எடுத்துவிடுங்கள்.

இடையில் ஒன்று. 2025-இல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'டைப் 5' சர்க்கரை நோயை அங்கீகரித்த பிறகு, ஒல்லியாக இருக்கிற எல்லோரும் "எனக்கு அதுவா?" என்று கேட்கிறார்கள். அதன் ஆராய்ச்சியில் நம் வேலூர் சி.எம்.சி. மருத்துவமனைக்குப் பெரிய பங்கு உண்டு, பெருமைதான். ஆனால் அது சிறு வயதிலிருந்தே ஊட்டமில்லாமல் மெலிந்தவர்களுக்கு வருவது, இன்சுலின் சுரப்பே குறைந்த நிலை. தினம் ஆறு டீ குடித்து, வாரத்துக்கு இரண்டு பிரியாணி சாப்பிடுகிறவருக்கு அந்தப் பெயர் பொருந்தாது.

அந்த ஆறு டீயைப் பார்ப்போம். ஒன்றுக்கு இரண்டு ஸ்பூன் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 60 கிராம் சர்க்கரை. 25 கிராமுக்குள் இருந்தால் நல்லது என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாட்டுச் சர்க்கரைக்கு மாறிவிட்டேன் என்பவர்களுக்கு: உங்கள் லிவருக்கு இரண்டும் ஒன்றுதான். அப்புறம் களி. கேழ்வரகு நல்ல தானியம், மறுக்கவில்லை. ஆனால் மையாக அரைத்த மாவில் கிண்டிய இரண்டு பெரிய உருண்டை, இரண்டு தட்டுச் சோற்றுக்குச் சமம். ஒன்றாகக் குறைத்து, பக்கத்தில் கீரையும் பருப்பும் முட்டையும் வையுங்கள்.

ஒல்லியானவர்கள் பட்டினி கிடந்து இளைக்க வேண்டாம், இருக்கிற தசையும் போய்விடும். எடையில் இரண்டு மூன்று கிலோ குறைந்தாலே லிவரில் வித்தியாசம் தெரியும். தசையை வளர்ப்பதுதான் முக்கியம், ஏனென்றால் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையில் பெரும்பங்கை இழுத்துக்கொள்வது அதுதான். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழுந்து உட்காருவதில் ஆரம்பிக்கலாம். வேலூர்க் கோட்டைக்குள் காலையில் நடப்பதும் நல்லதுதான். நடந்து முடித்து வெளியே வந்ததும் இரண்டு வடை, ஒரு டீ என்றால் எதற்கு நடந்தீர்கள்?

கிரேடு 1 தானே என்று ரிப்போர்ட்டைப் பீரோவில் வைத்துப் பூட்டாதீர்கள், தயவுசெய்து. மெடிக்கலில் நீங்களாகவே லிவர் டானிக் வாங்கிக் குடிக்காதீர்கள். கண்ட மூலிகைப் பொடியும் வேண்டாம், லிவரையே கெடுத்துக்கொண்டு வந்தவர்கள் உண்டு. ஸ்கேன் சுத்தமாக இருந்தாலும் ரத்தப் பரிசோதனை தேவை, ஏனென்றால் கொஞ்சமாக இருக்கும் கொழுப்பு எங்கள் மெஷினுக்குத் தெரியாது. வயிற்று ஸ்கேனுக்கு எப்படியும் வெறும் வயிற்றில்தான் வருகிறீர்கள். அதே காலையில் சர்க்கரைக்கும் கொழுப்புக்கும் ரத்தம் கொடுத்துவிடுங்கள். காசு பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் சர்க்கரையையாவது இலவசமாகப் பார்ப்பார்கள். வரும் வழியில் 'ஒரே ஒரு காபி' மட்டும் வேண்டாம்.