அடைக்கூண்டில் ஈரம் ஆகாது

இடவப்பாதி என்கிற தென்மேற்குப் பருவமழை பிடித்ததும் குமரி மாவட்டத்துக் களியக்காவிளை, மார்த்தாண்டம் பக்கத்தில் பறவை வளர்ப்பவர்கள் பலர், நாற்றம் தாங்காமல் கூண்டைத் தூக்கிக் குழாயடியில் வைத்துக் கழுவிவிடுகிறார்கள். மற்ற நாளில் சரி. உள்ளே முட்டையோ குஞ்சோ இருக்கும்போது அந்தச் சுத்தமே வினையாகிவிடும். எச்சம் காய்ந்து கிடந்தால் குஞ்சுக்கு ஆபத்து குறைவு. நனைந்து கிடந்தால் நோய். காற்றிலேயே ஈரம் நிற்கிற இந்த மாதங்களில் நனைந்த பலகை லேசில் காயாது, சீக்கிரமே பூசணம் பிடிக்கும். ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சையின் வித்து குஞ்சின் நுரையீரலிலும் காற்றுப்பைகளிலும் தங்கிவிட்டால் மருந்து கொடுத்து மீட்பது கடினம்.

தட்டு, கிண்ணம், உட்காரும் குச்சி இவை தினசரி வேலை. தட்டில் செய்தித்தாளை ஏழெட்டு அடுக்காக விரித்துவையுங்கள். காலையில் மேல் தாளை மட்டும் சுருட்டி எடுத்தால் போதும். எடுக்கப்போகும் தாளில் லேசாக நீர் தெளித்துக்கொண்டால் தூசி பறக்காது. பறவையிடமிருந்து தொற்றும் கிளிக்காய்ச்சலின் கிருமி காய்ந்த எச்சத் தூசி வழியாகத்தான் பெரும்பாலும் மனிதருக்கு ஏறுகிறது. முகக்கவசம் போட்டுக்கொள்ளுங்கள், கர்ப்பிணிகள் இந்த வேலையைச் செய்ய வேண்டாம். விடாத காய்ச்சலும் வறட்டு இருமலும் வந்தால் வீட்டில் பறவை இருப்பதை மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். மழைக்காலத்துக் காய்ச்சல் என்றாலே டெங்கு, எலிக்காய்ச்சல் என்றுதான் முதலில் எண்ணம் போகும்.

குச்சியைத் தண்ணீர் படாமல் கத்தியால் சுரண்டலாம். இரண்டு செட் வைத்து மாற்றிப் போட்டால் இன்னும் நல்லது. ஊறவைத்த பயறு, அவித்த முட்டை இரண்டு மணி நேரத்துக்கு மேல் கூண்டில் இருக்கக்கூடாது.

பறவை முட்டையிட்டு அடைகாக்கும் அடைப்பெட்டிக்குக் கணக்கு வேறு. லவ்பேர்ட்ஸ் என்று கடைகளில் விற்கும் பட்ஜி ஒன்றுவிட்டு ஒரு நாள் முட்டையிடும். ஒவ்வொரு முட்டையும் பொரிய 18 நாள் ஆகும். அதுவரை பெட்டியில் கைவைக்க வேண்டியதே இல்லை. முட்டையில் எச்சம் ஒட்டியிருந்தாலும் கழுவாதீர்கள். ஓட்டின் மேலுள்ள மெல்லிய படலம் போனால் கிருமி உள்ளே இறங்க வழியாகிவிடும். அடையிலிருக்கும் பெட்டை எச்சத்தை அடக்கிவைத்து, வெளியே வரும்போது பெரிதாக, நாற்றத்தோடு போடும். அதைப் பார்த்துக் கழிச்சல் என்று பயந்து மருந்து கலக்குகிறவர்கள் உண்டு, தேவையே இல்லை.

மூத்த குஞ்சுக்குப் பத்து நாள் ஆனதும் முதல் மாற்றம். அதற்கு முன் உடலில் இறகில்லை, உடல் சூடு நிற்காது. அந்த நாட்களில் விரிப்பு சொதசொதவென்று நனைந்திருந்தால் மட்டும் கைவையுங்கள். பெட்டை தீனிக்கு வெளியே வரும் நேரமாகப் பாருங்கள். உள்ளே இருந்தால் திறக்குமுன் மெல்லத் தட்டுங்கள். மிரண்டு எழுந்தால் முட்டையை மிதித்துவிடும். துணி விரித்த கிண்ணத்தில் குஞ்சுகளை மாற்றி, நனைந்த விரிப்பை அள்ளி, பெட்டியை உலர்ந்த துணியால் துடைத்து, புது மரச்சுருளை 2 அங்குலம் போட்டு, காய்ந்திருக்கும் பழைய விரிப்பில் ஒரு பிடி கலந்துவிடுங்கள். எல்லாம் ஐந்து நிமிடத்துக்குள். மனிதக் கை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வீண் பயம். பிறகு மூன்று நாளுக்கு ஒருமுறை. நாலைந்து குஞ்சு இருந்தால் கடைசி வாரங்களில் ஒன்றுவிட்டு ஒரு நாள்.

குஞ்சு கிண்ணத்தில் இருக்கும்போதே காலையும் அலகையும் பார்த்துவிடுங்கள். விரல் நுனியில் எச்சம் உருண்டையாக இறுகியிருக்கும். பிய்த்தால் நகமும் சேர்ந்து வரும். வெதுவெதுப்பான நீரில் இரண்டு மூன்று நிமிடம் ஊறவைத்து, உதிர்த்து, ஈரம் ஒற்றிய பிறகே உள்ளே விடுங்கள். மேலலகின் உட்புறம் தீனி அடைந்து காய்ந்தால் அலகு கோணி வளரும். பல்குச்சியின் மழுங்கிய முனையால் எடுத்துவிடலாம்.

விரிப்புக்கு இழைப்புளியில் உரிந்துவரும் சுருள் வேண்டும். அறுப்புத்தூள் வேண்டாம், மூக்கை அடைக்கும். இந்தப் பக்கத்து மரப்பட்டறைகளில் ரப்பர் மரம் அதிகம். அதைப் பூச்சி அரிக்காமலிருக்க போரான் மருந்தில் ஊறப்போடுவது வழக்கம். எந்த மரத்துச் சுருள் என்று கேட்காமல் சாக்கை நிரப்பாதீர்கள். ஃபிஞ்சு என்கிற சிறு குருவிக்குக் கூடு கட்டத் தேங்காய்த் தும்பு கொடுப்பதானால் வெயிலில் காயவைத்து, விரல் நீளத்துக்கு நறுக்கிக் கொடுங்கள். நீளமாக விட்டால் குஞ்சின் காலில் சுற்றி இறுக்கி, காலே கருகிவிடும்.

செவ்வுண்ணி பகலில் கண்ணில் படாது. பெட்டியின் இடுக்கில் பதுங்கி, ராத்திரிதான் ரத்தம் குடிக்க வரும். குஞ்சு வெளிறிச் சோர்ந்தால் விளக்கணைத்த பிறகு டார்ச்சோடு பெட்டியின் மூட்டுகளில் வெள்ளைத் துணியைத் தேய்த்துப் பாருங்கள். சிவப்புக் கறை விழுந்தால் அன்றைக்கே குஞ்சுகளை மாற்றுப் பெட்டிக்கு மாற்ற வேண்டும். மாட்டு உண்ணிக்கான மருந்தைக் கண்ணளவாகக் கலந்து அடிக்கக்கூடாது, குஞ்சு தாங்காது. எறும்புக்குக் கூண்டுக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்துங்கள். அதில் கொசு முட்டையிடும் என்பதால் மூன்று நாளுக்கொருமுறை தண்ணீரைக் கொட்டி மாற்றுங்கள். பினாயில், அந்துருண்டை, கொசுவர்த்திச் சுருள், சாம்பிராணிப் புகை எதுவும் அந்த அறையிலேயே வேண்டாம்.

குஞ்சுகள் பெட்டியை விட்டு இறங்கிய பிறகுதான் கழுவல். முதலில் சோப்பு, அழுக்கு மிச்சமிருந்தால் பிளீச்சுக்கு வேகம் இராது. அடுத்து 5 சதவீத சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் 30 மில்லியை ஒரு லிட்டர் நீரில் கலந்து, 10 நிமிடம் ஊறவைத்து, நன்றாக அலசி, வாசம் போகும்வரை காயவையுங்கள். இதோடு வினிகரையோ கழிப்பறை ஆசிட்டையோ சேர்த்தால் நச்சு வாயு கிளம்பும். மரப்பெட்டியின் இடுக்குகளில் கொதிநீர் ஊற்றி, இரண்டு நாள் நல்ல வெயில் காட்டுங்கள். முட்டையிட்டுக் குஞ்சு இறக்குவது ஓர் ஈடு; இரண்டு ஈடு முடிந்தால் பெட்டியை எடுத்து வையுங்கள். தொங்கவிட்டால் பெட்டை ஓயாமல் முட்டையிட்டே மெலிந்துபோகும். பெட்டிக்குப் பதில் அடைக்கு வைக்கும் மண்பானைக்கு இத்தனை மெனக்கெட வேண்டாம். எச்சநீரை உறிஞ்சிய பானை முழுசாகச் சுத்தமாகாது, மழுமழு அடிப்பாகத்தில் குஞ்சின் காலும் அகன்றுபோகும். உடைத்துப் போட்டுவிட்டு, அடுத்த ஈட்டுக்கு அடியில் குழிவுள்ள மரப்பெட்டி வாங்குங்கள்.