வேல்ஸில் டாட்டூ போட: ஆளுக்கு உரிமம், கடைக்குச் சான்றிதழ்

வேல்ஸில் டாட்டூ தொழில் செய்ய இப்போது இரண்டு தாள்கள் வேண்டும். ஊசி பிடிக்கிறவர் பேரில் ஓர் உரிமம். அவர் உட்கார்ந்து வேலை பார்க்கும் இடத்துக்கு ஓர் ஒப்புதல் சான்றிதழ். 2024 நவம்பர் 29 முதல் இதுதான் நடைமுறை. உடலில் துளையிடுவது, அக்குபங்சர், எலக்ட்ராலிசிஸ் (மின்சாரம் செலுத்தி முடியை நீக்குவது) ஆகியவையும் இதே வலைக்குள் வருகின்றன. ஊசியால் புருவத்துக்கு நிறம் ஏற்றும் அழகு நிலையக்காரர்களும் “நாங்கள் டாட்டூ போடுவதில்லையே” என்று நழுவ முடியாது.

முன்பு உள்ளூர் கவுன்சிலில் பதிவு செய்தால் போதும். இங்கிலாந்தின் பெரும்பகுதியில் இன்றும் அப்படித்தான். 2015-ல் வேல்ஸின் நியூபோர்ட் நகரில் உடலில் துளையிட்டுக்கொண்ட சிலருக்குக் கடும் கிருமித் தொற்று வந்து, நூற்றுக்கணக்கானவர்களைக் கூப்பிட்டு ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டியதாயிற்று. இரண்டு வருடம் கழித்து வந்த வேல்ஸ் பொதுச் சுகாதாரச் சட்டத்தில்தான் இந்த உரிமத்துக்கு வழி செய்தார்கள். நடைமுறைக்கு வர இன்னும் ஏழு வருடம் ஆனது வேறு கதை.

சரி, விண்ணப்பிக்க என்ன வேண்டும்? 18 வயது முடிந்திருக்க வேண்டும். தொற்றுத் தடுப்புக்கான இரண்டாம் நிலை (லெவல் 2) பயிற்சியில் தேறியிருக்க வேண்டும். குற்றப் பின்னணி பற்றிய அடிப்படைச் சான்றும் கேட்பார்கள். படம் எவ்வளவு அழகாக வரைவீர்கள் என்று யாரும் கேட்பதில்லை! திட்டம் தொடங்கியபோது தனிநபர் உரிமத்துக்கு 203 பவுண்டு, இடத்துக்கு 385 பவுண்டு என்று கட்டணம் வைத்தார்கள். இரண்டும் மூன்று வருடத்துக்குச் செல்லும். அடுத்தவர் கடையில் நாற்காலி வாடகைக்கு எடுப்பவர் அந்தக் கடையின் சான்றிதழை முதலில் பார்த்துக்கொள்வது நல்லது. உங்கள் உரிமம் மட்டும் காப்பாற்றாது. கண்காட்சிக்கு வந்து வேலை செய்து போகிறவர்களுக்கு ஏழு நாள் தற்காலிக உரிமம் உண்டு.

உரிமம் கிடைத்த பிறகும் நிபந்தனைகள் தொடரும். வேலைக்கு முன் வாடிக்கையாளரிடம் உடல்நிலை விசாரிக்க வேண்டும், வயதைச் சரிபார்க்க வேண்டும். குடித்துவிட்டு வந்தவரைத் திருப்பி அனுப்ப வேண்டும். 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களுக்கு டாட்டூ போடுவது பிரிட்டன் முழுக்க 1969 சட்டப்படியே குற்றம். அம்மா கூடவே வந்து கையெழுத்துப் போட்டாலும் செல்லாது.

போட்டுக்கொள்ளப் போகிறவரா? உரிமமும் சான்றிதழும் கண்ணில் படும்படி மாட்டியிருக்க வேண்டும் என்பது விதி. உரிமத்தில் இருக்கும் பெயரும் ஊசி பிடிக்கும் ஆளும் ஒன்றுதானா என்று பாருங்கள். சந்தேகம் வந்தால், உரிமம் பெற்றவர்களின் பதிவேட்டில் தேடிப் பார்க்கலாம்.