துணியை அளக்காமல் பெண்ணையே அளந்துகொண்டிருக்கிறோம்

போன வாரம் ஒரு சோதனை அமர்வு. இணையத்தில் உடை வாங்கும் பெண்களுக்கு எடுப்பாக இருக்கும் உடைகளைத் தேர்ந்து காட்டும் ஆப் ஒன்று. வெளியிடும் முன் சிலரிடம் கொடுத்துப் பார்த்தோம். நான் ஓரமாக உட்கார்ந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தேன். முதல் திரையிலேயே நான்கு படங்கள்: ஆப்பிள், பேரிக்காய், மணல்கடிகாரம், செவ்வகம். மேலே ஒரு கேள்வி: 'உங்கள் உடல்வாகு எது?'

நாற்பது வயதைத் தாண்டிய ஒருவர். அவர் கட்டைவிரல் திரைக்கு மேலேயே நின்றது. குனிந்து தன் வயிற்றைப் பார்த்தார். மறுபடி திரையைப் பார்த்தார். பேரிக்காயைத் தொட்டார், பின்னால் போனார், ஆப்பிளைத் தொட்டார். அப்புறம் என் பக்கம் திரும்பி, "மன்னிச்சுக்கங்க மேடம், இதுல நான் எதுன்னே தெரியலை. என் உடம்புக்கு எதுவுமே செட் ஆகாது" என்றார்.

மன்னிப்புக் கேட்டார்! நாங்கள் கேட்ட மோசமான கேள்விக்கு அவர் மன்னிப்புக் கேட்கிறார். இதே வார்த்தைகளை எத்தனை பெண்கள் வாயிலிருந்து கேட்டிருக்கிறேன் என்று எண்ணுவதை நிறுத்தி ரொம்ப நாளாகிறது. வேறு நிறுவனங்களின் ஆப்களிலும் இதே திரைதான், இதே நான்கு படங்கள்தான்.

பேட்டர்ன், அதாவது துணியை வெட்ட வழிகாட்டும் தாள் வடிவம், வெட்டும் மேசையில் 12 ஆண்டுகள் நின்றுவிட்டு ஆப் செய்யும் இந்தப் பக்கம் வந்தவள் நான். அங்கே ஓர் உடை சேரவில்லை என்றால் பேட்டர்னைத் திருத்துவோம். உடுத்திப் பார்க்க வந்த பெண்ணைக் குறை சொன்னால் மாஸ்டரிடம் வாங்கிக் கட்டிக்கொள்ள வேண்டும். திரைப் பக்கத்திலோ உடை சேரவில்லை என்றால் பெண்ணிடம் இன்னொரு கேள்வி கேட்கிறார்கள். எடை என்ன, வயது என்ன, உடலில் எந்த இடத்தை மறைக்க விரும்புகிறீர்கள் என்று போய்க்கொண்டே இருக்கிறது. உடையிடம் ஒரு கேள்வியும் கிடையாது.

'உடல்வாகு தெரிந்தால் உடை தெரிந்துவிடும்' என்ற நம்பிக்கையை உடைக்காமல் மேலே போக முடியாது. கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். இரண்டு பெண்கள். இருவருக்கும் மார்புச் சுற்றளவு 96 செ.மீ., இடை 80, தையல்காரர்கள் சீட் என்று சொல்லும் பின்பக்கச் சுற்றளவு 104. ஆப்பைப் பொறுத்தவரை இருவரும் பேரிக்காய்தான். ஆனால் முதல் பெண்ணுக்கு முதுகு அகலம், அந்த 96-இல் பெரும்பங்கு பின்னால் இருக்கிறது. இரண்டாவது பெண்ணுக்கு முதுகு ஒடுக்கம், அளவு முழுக்க முன்னால். ஒரே சட்டையைக் கொடுங்கள். முதல் பெண் கையை முன்னே நீட்டினால் தோள்பட்டை எலும்புக்குக் குறுக்கே துணி இழுக்கும். இரண்டாவது பெண்ணுக்கு நெஞ்சில் இரண்டு பொத்தான்களுக்கு நடுவே வாய் பிளக்கும். கழுத்தெலும்பிலிருந்து இடை வரை ஒருவருக்கு 38 செ.மீ., இன்னொருவருக்கு 42 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே கவுனின் இடைத் தையல் ஒருவருக்கு இடையில் உட்காரும், இன்னொருவருக்கு விலா எலும்பின் மேல் ஏறி நிற்கும். ஒருவருக்கு நிமிர்ந்த தோள், மற்றவருக்குச் சரிந்த தோள். நாடாவில் வரும் எண் ஒன்று, பழத்தின் பெயரும் ஒன்று. உடை மட்டும் இரண்டு பேருக்கும் இரண்டு விதமாகக் கெடுகிறது.

இது புதிதாகக் கண்டுபிடித்த சங்கதியும் இல்லை. அமெரிக்க வேளாண் துறை 1939-40இல் ஏறத்தாழ 15,000 பெண்களை, ஒவ்வொருவரிடமும் 59 இடங்களில், அளந்தது. வெள்ளையினப் பெண்களின் அளவுகளை மட்டுமே கணக்கில் எடுத்தார்கள் என்ற பெரிய குறை அதிலேயே உண்டு. அதன் அடிப்படையில் 1958இல் ஓர் அளவுத் தரம் வந்தது. பிறகு திருத்தினார்கள். 1983இல் அரசே அதைக் கைவிட்டது. அத்தனை அளவுகளைக் கையில் வைத்திருந்தவர்களாலேயே எல்லாருக்கும் சேரும் அட்டவணை ஒன்றைத் தர முடியவில்லை. நான்கு படங்களை வைத்துக்கொண்டு நாம் தந்துவிடுவோமா?

வகைப்படுத்துவதே வீண் என்று நான் சொல்லவில்லை. ஸ்பெயின் அரசு பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை அளந்து 2008இல் மூன்று வடிவங்களைச் சொன்னது: உருளை, மணி, நடுவில் ஒடுங்கிய உடுக்கை போன்ற ஒன்று. எந்த வடிவத்துக்கு அடிப்படைப் பேட்டர்ன் போடுவது, எதில் எத்தனை தைப்பது என்று முடிவு செய்யத் தொழிற்சாலைக்கு அந்த வகைகள் உதவும். வகை அவர்கள் வேலைக்கு. ஒரு பெண் ஓர் உடையைத் தேர்ந்தெடுக்கும் நேரத்தில் அதைக் கொண்டுவந்து அவர் நெற்றியில் ஒட்டக் கூடாது.

'எடுப்பாக' என்ற சொல்லையும் பாழாக்கிவிட்டோம். பெரும்பாலான ஆப்களில் அதற்கு 'ஒல்லியாகக் காட்டும்' என்பதே பொருள். குறுக்குக் கோடு போட்டால் குண்டாகத் தெரியும் என்று ஒரு விதியை உள்ளே எழுதி வைத்து, பெரிய அளவு கேட்கும் பெண்ணுக்குக் குறுக்குக் கோட்டு உடைகளையே காட்டாமல் மறைக்கிறார்கள். குறுக்குக் கோடுகளால் நிரப்பிய சதுரம் உயரமாகவும் ஒடுக்கமாகவும் தெரிகிறது என்று ஜெர்மானிய அறிவியலாளர் ஹெல்ம்ஹோல்ட்ஸ் 19ஆம் நூற்றாண்டிலேயே எழுதிவிட்டார். பேட்டர்ன் மேசையில் எடுப்பு என்றால் வேறு: தோள் தையல் தோளெலும்பின் முனையில் முடிய வேண்டும், டார்ட்டின் (துணியை உடம்புக்கு வளைக்கப் பிடித்துத் தைக்கும் மடிப்பின்) நுனி மார்பின் உச்சிக்குச் சற்று முன்னாலேயே நின்றுவிட வேண்டும், ஆர்ம்ஹோல் என்னும் அக்குள் வெட்டு மேலே ஏறி உட்கார வேண்டும். ஆர்ம்ஹோல் ஆழமாக இருந்தால் கை தூக்கும்போது முழுச் சட்டையும் கூடவே மேலே வரும். நன்றாக வெட்டிய சட்டையில் அது நடக்காது. இவை எல்லாம் சரியாக உட்கார்ந்தால் எந்த உடம்பிலும் உடை எடுப்பாகவே இருக்கும்.

எனக்கு ஆற்றாமை தருவது வேறொன்று. இந்த விவரங்கள் இல்லாமல் இல்லை. தொழிற்சாலையில் ஒவ்வொரு உடைக்கும் ஒரு ஸ்பெக் ஷீட் இருக்கிறது. தோள் அகலம், அக்குளிலிருந்து அக்குள், ஆர்ம்ஹோல், கை நீளம், கீழ் விளிம்பு என்று அளவு வாரியாக எண்கள், ஒவ்வொன்றிலும் எவ்வளவு கூடலாம் குறையலாம் என்ற வரம்பு உட்பட, அதில் இருக்கும். அந்தத் தாள் தொழிற்சாலைக் கதவைத் தாண்டி விற்பனைப் பக்கத்துக்கு வருவதில்லை. வருவது 'எம் – மார்பு 92' என்ற ஒற்றை வரி. அந்த 92 உடம்பினுடையதா உடையினுடையதா என்று கூடப் போடுவதில்லை. உடம்பு 92, நெய்த துணியில் தைத்த உடையும் 92 என்றால் மூச்சு விட முடியாது. பின்னல் துணியில் உடை 86 என்றாலும் ஒட்டி உட்காரும். இந்த வேறுபாட்டைக் காட்டாத சைஸ் சார்ட் எதற்கும் உதவாது.

பெரிய அளவு உடுத்தும் பெண்கள் இதை மட்டும் கேளுங்கள். பெரும்பாலும் ஒரு நடுத்தர அளவில் ஒரே ஒரு மாடலின் மேல் பேட்டர்னைச் சரிபார்த்துவிட்டு, மற்ற அளவுகளைக் கணக்குப் போட்டுப் பெருக்கியும் குறைத்தும் எடுப்பார்கள். வயிறும் மார்பும் கூடும் அளவுக்குத் தோளெலும்பு கூடுவதில்லை. கணக்கு அதைக் கவனிக்காவிட்டால் பெரிய அளவுகளில் தோள் இறங்கித் தொங்கும், கழுத்து அகலும். அது உங்கள் தோளின் குறை இல்லை. கணக்குப் போட்டவர் ஒரு முறையாவது அந்த அளவில் உடுத்திப் பார்க்கச் செய்திருக்க வேண்டும்.

இப்போது எல்லாரும் 'உங்கள் படத்தைப் போடுங்கள், உடுத்திக் காட்டுகிறோம்' என்கிறார்கள். ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள்: அது பொருத்தம் பார்ப்பது இல்லை, படம் வரைவது. துணியின் கனம், இழுவை, ஆர்ம்ஹோலின் ஆழம் எதையும் கொடுக்காதபோது உங்கள் தோள் மேல் அழகாக விழும் ஒரு துணியை அது வரைந்து தருகிறது. அந்தப் படத்தில் சேராத உடையே இருக்காது. நிறம், நீளம், கழுத்து வடிவம் பிடிக்கிறதா என்று பார்க்க மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். மாடல் படங்களையும் அப்படியே நம்ப வேண்டாம். முன்னால் கச்சிதமாகத் தெரியும் சட்டையின் முதுகுப் பக்கம் கிளிப் போட்டுப் பிடித்திருப்பது படப்பிடிப்புத் தளங்களில் தினமும் நடப்பது.

இந்தக் கருவிகளைச் செய்யும் தோழர்களுக்கு: உடல்வாகு கேட்கும் திரையை எடுத்துவிடுங்கள். 'எதை மறைக்க வேண்டும்' என்ற கேள்வியை இன்றைக்கே எடுங்கள். அதற்குப் பதிலாக 'கடைகளில் வாங்கும் உடை உங்களுக்கு வழக்கமாக எங்கே தொல்லை தருகிறது?' என்று கேளுங்கள். தோள் இறங்குகிறது, நெஞ்சில் பொத்தான் பிளக்கிறது, பேன்ட் சீட்டில் பிடிக்கிறது ஆனால் இடையில் தொளதொளக்கிறது என்று எந்தப் பெண்ணும் யோசிக்காமல் சொல்வார். அந்த அமர்விலேயே, திரையை ஒதுக்கி வைத்துவிட்டு, மன்னிப்புக் கேட்ட அந்தப் பெண்ணிடம் வாயால் கேட்டேன். "தோள்பட்டை எப்பவும் கீழ விழும் மேடம், அதனால சின்ன சைஸ் எடுப்பேன், அப்புறம் கை இறுக்கும்" என்றார். ஒரே மூச்சில். நான்கு படங்களும் சேர்ந்து தர முடியாத தகவல் அது.

விற்பவரிடம் ஸ்பெக் ஷீட் கேட்டு வாங்குங்கள். தரவில்லையா, அந்த உடைக்குப் பரிந்துரை சொல்லாதீர்கள். 'உங்கள் அளவு எம்' என்று மட்டும் சொல்லி விடாமல், 'தோளில் சரியாக இருக்கும், மேல்கையில் 2 செ.மீ. இறுக்கம்' என்று காட்டுங்கள், முடிவை அவர் எடுக்கட்டும். எதுவும் சேராது என்றால் சேராது என்று சொல்லும் துணிவு வேண்டும். விற்பனைப் பிரிவு முகம் சுளிக்கும், சுளிக்கட்டும். திருப்பி அனுப்பும்போது 'அளவு சரியில்லை' என்ற ஒற்றைக் காரணத்தை வைக்காமல், எந்த இடத்தில் என்று கேளுங்கள். திருப்பி அனுப்பாத உடை எல்லாம் சேர்ந்த உடை என்று கணக்கில் ஏற்றாதீர்கள். அலைச்சலுக்குப் பயந்து அலமாரியில் மடித்து வைத்துவிட்டவர்கள் நிறையப் பேர்.

வாங்கும் பெண்களுக்கு ஒரு வேண்டுகோள். உங்களிடம் நன்றாகச் சேர்ந்த சட்டை ஒன்று கட்டாயம் இருக்கும். அதைப் பொத்தான் போட்டு, சுருக்கம் நீக்கி, தரையில் விரித்து வையுங்கள். அக்குளுக்குக் கீழே இந்தத் தையலிலிருந்து அந்தத் தையல் வரை அளந்து இரட்டிப்பாக்குங்கள். 49 செ.மீ. வந்தால் அந்த உடையின் மார்பு 98. தோள் தையலிலிருந்து தோள் தையல், கை நீளம், மேல்கை அகலம், முழு நீளம் ஆகியவற்றையும் எழுதி, அது என்ன துணி, இழுபடுமா என்பதையும் பக்கத்தில் குறித்துக்கொள்ளுங்கள். இணையத்தில் உடையின் அளவு போட்டிருந்தால் இந்தத் தாளோடு ஒப்பிடுங்கள். போடவில்லை என்றால் விற்பவரிடம் கேளுங்கள். கேட்கிறவர்கள் கூடினால்தான் போடுவார்கள். இழுபடாத துணிச் சட்டையின் எண்ணை வைத்து எலாஸ்டேன் என்னும் இழுபடும் இழை கலந்த துணியை வாங்காதீர்கள், இரண்டும் வேறு கணக்கு. வாங்கியவர்கள் போடும் படங்களில் கையைத் தூக்கி நிற்கும் படம் இருந்தால் அதைப் பாருங்கள், ஆர்ம்ஹோலின் உண்மை அதில் தெரிந்துவிடும்.

உள்ளாடையோடு நின்று படம் எடுத்து அனுப்பச் சொல்லும் ஆப்பிடம், அந்தப் படம் உங்கள் போனிலேயே அளக்கப்படுகிறதா, வேறெங்கோ போகிறதா, எப்போது அழிக்கப்படும் என்று எழுத்தில் பாருங்கள். தெளிவான பதில் இல்லை என்றால் வேண்டாம், அம்மா. நாடா ஒன்று போதும். ஏற்கெனவே கொடுத்திருந்தால் ஆப்பில் உள்ள கணக்கை அழிக்கச் சொல்லிக் கேளுங்கள், போனின் அமைப்புகளுக்குள் போய்க் கேமரா, படங்கள் இரண்டுக்கும் கொடுத்த அனுமதியையும் இன்றைக்கே எடுத்துவிடுங்கள். ஆப்பை மட்டும் நீக்கினால் அவர்கள் சேமித்து வைத்த படம் அங்கேயேதான் இருக்கும்.