ஜீஐ பைப்பும் இரவுக் காய்ச்சலும்

எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் ஒரு வெல்டிங் கடை இருக்கிறது. கேற், யன்னல் கம்பி, தண்ணீர்த் தாங்கி வைக்கும் கோபுரம், வள்ளம் இழுக்கும் ட்ரெய்லர் என்று எப்போதும் வேலை இருக்கும். கடை நடத்தும் அண்ணைக்கு இடைக்கிடை ஒரு காய்ச்சல் வரும். பகல் முழுக்க நன்றாக இருப்பார். இரவு ஏழு, எட்டு மணிக்கு மேல் குளிர்ந்து நடுங்கத் தொடங்கும். வாயில் செப்புக் காசை வைத்திருப்பது போல ஒரு சுவை, வறண்ட தொண்டை, இருமல், உடம்பு முறிப்பு. விடிய வியர்த்துக் கொட்டி, அடுத்த நாள் பின்னேரத்துக்குள் எழும்பிவிடுவார். வீட்டில் டெங்கோ என்று பதறுவார்கள். அவர், "நேற்று ஜீஐ பைப் ஒட்டினனான், அதுதான்" என்று சொல்லி ஒரு கிளாஸ் பால் குடித்துவிட்டுப் படுப்பார்.

காய்ச்சலுக்கு அவர் சொல்லும் காரணம் சரியானது. பால்தான் உதவாது. ஏன் என்று பார்க்க, பைப்பிலிருந்து தொடங்க வேண்டும்.

திருகோணமலை நகரத்துக்கு ஒரு பக்கம் உள்துறைமுகம், மறுபக்கம் திறந்த கடல். உப்புக் காற்றில் வெறும் இரும்பு சீக்கிரமே கறல் பிடித்துப் பொரிந்துவிடும். அதனால் இங்கே வீடு கட்டுகிறவர்கள் விலை கூடினாலும் ஜீஐ பைப் கேட்கிறார்கள். அது துத்தநாகம் பூசிய இரும்பு. பள்ளிக்கூடத்தில் நாங்கள் நாகம் என்று படித்த அதே உலோகம். கடற்காற்று முதலில் நாகத்தைத் தின்னும், இரும்பு தப்பும். ஆனால் நாகம் ஏறத்தாழ 420 பாகை செல்சியசில் உருகி, 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும். இரும்பு உருகுவதற்கே 1538 பாகை வேண்டும். வெல்டிங் வில்லின், அதாவது கம்பி முனைக்கும் இரும்புக்கும் இடையில் பாயும் மின்சுடரின் சூடோ பல ஆயிரம் பாகை. ஆகவே இரும்பு இளகி ஒட்டுவதற்கு முன்பே, அதன் மேலிருந்த நாகம் கொதித்துக் காற்றில் கலந்துவிடுகிறது. அந்த ஆவி ஒட்சிசனோடு சேர்ந்து வெள்ளைப் புகையாகிறது. சில நேரம் பஞ்சுத் துகள் போல மிதந்து வந்து சட்டையில் உட்காருமே, அது நாக ஒட்சைட்டு.

இது நுரையீரலின் ஆழத்துக்குப் போனதும் அங்குள்ள கலங்கள் கிருமி வந்துவிட்டது போல எதிர்வினை செய்கின்றன. அவை விடும் இரசாயனச் செய்திகள் இரத்தத்தில் கலந்து காய்ச்சலைக் கொண்டுவருகின்றன. இதற்கெல்லாம் நேரம் எடுப்பதால், புகையைச் சுவாசித்து 4 முதல் 10 மணித்தியாலம் கழித்துத்தான் நடுக்கம் தொடங்கும். பெரும்பாலும் ஒன்றிரண்டு நாளில் தானாக அடங்கும். தொடர்ந்து வேலை செய்யும் நாட்களில் உடம்பு கொஞ்சம் பழகிக்கொள்ளும். சனி, ஞாயிறு ஓய்வெடுத்துத் திரும்பினால் அந்தப் பழக்கம் போய்விடும். மேலைநாட்டுத் தொழிலாளர்கள் இதைத் திங்கட்கிழமைக் காய்ச்சல் என்று சொல்லிவந்ததற்கு அதுதான் காரணம். பால் இரைப்பைக்குப் போகிறது, புகை போனது நுரையீரலுக்கு. இரண்டும் சந்திப்பதே இல்லை.

இங்கே ஒன்றைக் கொஞ்சம் அழுத்திச் சொல்ல வேண்டும். எல்லாக் காய்ச்சலையும் நாகத்தின் தலையில் போடக்கூடாது. இது டெங்கு வரும் ஊர். இரண்டு நாளுக்கு மேல் நீடித்தாலோ மூச்சு முட்டினாலோ உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்; என்ன உலோகத்தில் வேலை செய்தோம் என்பதையும் டொக்டரிடம் சொல்ல வேண்டும். சில பழைய போல்ட்டுகளில் நாகத்துக்குப் பதிலாகக் கட்மியம் பூசியிருக்கும். வெள்ளிப் பற்றாசுக் கம்பிகள் சிலவற்றிலும் அது உண்டு. கட்மியப் புகையும் முதல் நாள் இதே காய்ச்சலைத்தான் தரும். பிறகு நுரையீரலில் நீர் கோத்து ஆளையே கொன்றுவிடக்கூடும்.

நாகக் காய்ச்சல் வந்து போவதால் நமக்குத் தெரிகிறது. அதிகம் கவலைப்பட வேண்டியது, காய்ச்சல் எதுவும் காட்டாமல் ஆண்டுக்கணக்காக உள்ளே சேரும் புகையைப் பற்றி. வெறும் இரும்பு ஒட்டினாலும் புகை வரும், ஏனென்றால் அதில் பெரும்பங்கு பைப்பிலிருந்து வருவதில்லை, கையிலுள்ள றொட் என்ற வெல்டிங் கம்பியிலிருந்து வருகிறது. வில்லின் முனையில் றொட்டின் உலோகமும் அதன் மேற்பூச்சும் கொதித்து ஆவியாகி, வெளியே வந்ததும் குளிர்ந்து திண்மமாகின்றன. ஈரக் காற்று குளிர்ந்து பனித்துளி ஆவதைப் போல. இப்படி ஆவியிலிருந்து பிறப்பதால்தான் துகள்கள் இவ்வளவு நுண்மையாக இருக்கின்றன. தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர். வெல்டிங் புகைத் துகள் பெரும்பாலும் 1 மைக்கிரோமீற்றருக்கும் குறைவு. பெரிய தூசை மூக்கு பிடித்துவிடும், நடுத்தரமானதைச் சுவாசக் குழாயின் சளி பிடித்து மேலே தள்ளிவிடும். இந்த நுண்துகள் இரண்டையும் தாண்டி, ஒட்சிசன் இரத்தத்துக்குள் போகும் கடைசிச் சிற்றறை வரை போய் இறங்குகிறது.

போன துகளில் என்ன இருக்கிறது என்பதைப் பொறுத்து விளைவு மாறும். றொட்டில் இருக்கும் மங்கனீசு 2061 பாகையில் கொதிக்கும், இரும்புக்கு 2862 பாகை வேண்டும். ஆகையால் மங்கனீசு முந்திக்கொண்டு ஆவியாகும். றொட்டில் கொஞ்சமாக இருந்தாலும் புகையில் அதன் பங்கு கூடிவிடும். நீண்ட காலம் அதிக அளவில் உள்ளே போனால் அது மூளையைத் தொடும். நடை தளர்ந்து, கை விறைத்து, முகபாவம் குறைந்து பார்க்கின்சன் நோயைப் போன்ற நிலை வரலாம். நிலாவெளி, உப்புவெளிப் பக்கம் தங்குமிடங்களுக்குப் பளபளக்கும் ஸ்டெயின்லெஸ் கைப்பிடிகள் செய்கிறவர்களுக்கு வேறொரு கவலை. அந்த உருக்கில் குரோமியமும் நிக்கலும் உண்டு. றொட் கொண்டு அதை ஒட்டும்போது குரோமியத்தின் ஒரு பகுதி அறுவலு நிலை என்ற வேறொரு இரசாயன வடிவத்துக்கு மாறும். அது புற்றுநோய் தரும் வடிவம்.

சாதாரண இரும்பு ஒட்டுகிறவர்களும் இதில் ஆறுதல் அடைய முடியாது. உலக சுகாதார நிறுவனத்தின் கீழுள்ள சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகவரகம் 2017இல் எல்லா வெல்டிங் புகையையும் மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்ற முதலாம் தொகுதியில் சேர்த்தது. வில்லின் புற ஊதாக் கதிரும் அதே தொகுதியில்தான் இருக்கிறது. 2019 பெப்ரவரியில் பிரித்தானியாவின் தொழில் பாதுகாப்பு அதிகாரசபை, சாதாரண இரும்புக்கும் இனிச் சலுகை இல்லை, வெளியில் செய்தாலும் சுவாசப் பாதுகாப்பு வேண்டும் என்று விதியை இறுக்கியது. புகை படிந்த சுவாசப் பாதையில் நியூமோகொக்கசு பக்ரீரியா இலகுவாக ஒட்டிக்கொள்வதால், அங்கே வெல்டிங் தொழிலாளர்களுக்கு நியூமோனியாத் தடுப்பூசியும் பரிந்துரைக்கப்படுகிறது.

இனிக் கிறைண்டர். அதன் தூசு ஆவியிலிருந்து பிறப்பதில்லை, உடைந்து பிறக்கிறது. 4 அங்குலத் தட்டு நிமிடத்துக்கு 11,000 தடவை சுற்றினால் அதன் விளிம்பு செக்கனுக்கு 57 மீற்றருக்கு மேல் ஓடும். மணிக்கு 200 கிலோமீற்றருக்கும் கூட. கொழும்புக்குப் போகும் எந்த பஸ்ஸும் தொடாத வேகம். தட்டு பிய்த்தெறியும் இரும்புத் துணுக்கு காற்றிலேயே எரிவதைத்தான் பொறி என்கிறோம். பொறியைப் பார்த்துப் பயப்படுகிறோம், கண்ணுக்கு அது நியாயமும்கூட. நுரையீரலுக்கோ கண்ணுக்குத் தெரியாத சின்னத் தூசுதான் ஆபத்து. அதில் இரும்போடு தட்டின் தேய்மானமும், மேலிருந்த பெயின்றும் கலந்திருக்கும். பழைய வள்ளக் கொட்டகைச் சட்டங்களிலும் பாலக் கம்பிகளிலும் ஈயம் கலந்த பூச்சு இருக்கலாம். அதைக் கிறைண்டரால் சுரண்டிவிட்டு அதே சட்டையோடு வீட்டுக்குப் போய்ப் பிள்ளையைத் தூக்கினால், ஈயமும் வீட்டுக்குள் வந்துவிடுகிறது. குழந்தைகளின் மூளைக்கு ஈயத்தில் பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வயர் இழுக்கச் சுவரில் தாரை வெட்டுவதும், கொங்கிறீற்று அறுப்பதும் அதைவிட மோசம். மணலிலும் கருங்கல்லிலும் உள்ள சிலிக்கா நுரையீரலைத் தழும்பாக்கும். தழும்பான பிறகு பழையபடி திருப்ப மருந்தில்லை. தண்ணீர் விட்டு வெட்டினால் தூசின் பெரும்பகுதி சேறாகி நிலத்தில் விழும். அதற்கு ஈரத்தில் பாவிக்கவென்று செய்த கருவி வேண்டும். சாதாரண மின் கிறைண்டரில் தண்ணீர் ஊற்றினால் கரண்ட் அடிக்கும்.

சரி, கடையில் என்ன செய்யலாம்? பெரிய பட்டறைகளில் புகையை இழுக்கும் குழாய்கள் இருக்கும். அவை நன்றாக வேலை செய்யும், ஆனால் கிட்டப் பிடித்தால் மட்டும். ஊதினால் காற்று தூரம் போகும். உறிஞ்சினால் வாயருகே மட்டுமே இழுக்கும். ஒரு மெழுகுதிரியை ஊதி அணைக்கலாம், உறிஞ்சி அணைத்துப் பாருங்கள். குழாயின் வாயிலிருந்து அதன் விட்டமளவு தள்ளிப் போனாலே இழுக்கும் வேகம் ஏறத்தாழப் பத்தில் ஒன்றாகிவிடும். சுவரில் உயரத்தில் பூட்டிய எக்ஸோஸ்ட் பான் புகையை இழுக்கும்தான். ஆனால் குனிந்திருப்பவரின் முகத்தைத் தாண்டித்தான் அது அங்கே போய்ச் சேரும்.

அதனால் நான் எங்கள் அண்ணையிடம் முதலில் கேட்டது, எந்தப் பக்கம் பார்த்துக் குனிகிறீர்கள் என்பதைத்தான். சூடான புகை நேரே மேலே எழும். அந்தத் தூணுக்குள் தலை இருந்தால் கடை முழுக்கத் திறந்திருந்தும் பயனில்லை. தலையை ஓர் அடி பக்கத்துக்கு எடுத்தால் சுவாசிக்கும் அளவே மாறிவிடும். காற்று முகத்துக்கு நேரே வந்தால் புகையும் முகத்துக்கு வரும், அது எல்லோருக்கும் தெரியும். முதுகில் அடித்தாலும் நல்லதில்லை என்பது பலருக்குத் தெரியாது. உடம்பைச் சுற்றிப் போகும் காற்று முன்பக்கம் சுழித்து, புகையை நெஞ்சுக்கும் ஹெல்மெட்டுக்கும் நடுவே ஏற்றிவிடும். பாலத்தூணுக்குப் பின்னால் ஆற்று நீர் சுழிப்பதைப் போல. காற்று தோளின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் போக வேண்டும். நிலத்தில் வைத்து ஒட்டாமல் மேசையில் உயர்த்தி வைத்தால் குனிவும் குறையும்.

ஜீஐ பைப்பென்றால் ஒட்டும் இடத்துக்கு இரண்டு பக்கமும் ஐந்து சென்ரிமீற்றர் அளவுக்குப் பூச்சை முதலில் எடுத்துவிட வேண்டும். அதைக் கிறைண்டரால் எடுப்பவர் மாஸ்க் போட்டே எடுக்க வேண்டும். ஒட்டி முடிந்ததும் அந்த இடத்துக்கு நாகப் பெயின்ற் அடித்தால் கறலும் பிடிக்காது. வில்லைக் குட்டையாகப் பிடித்து, தேவைக்கு மேல் அம்பியர் ஏற்றாமல் ஒட்டினாலே புகை குறையும். தாங்கிக்குள்ளோ வள்ளத்தின் அடித்தட்டுக்குள்ளோ இறங்கி ஒட்டுவது வேறு விடயம். அங்கே ஒட்சிசன் குறைந்து, காபனோரொட்சைட்டு கூடும். வெளியே ஒருவர் நிற்காமல், காற்று செலுத்தாமல் இறங்கவே கூடாது.

மாஸ்க்கைக் கடைசியில் வைத்தேன், மற்றவை செய்த பிறகும் மிஞ்சும் புகைக்கு அது வேண்டும் என்பதால். லேஞ்சி கட்டுவது வியர்வைக்கு நல்லது, புகைக்கு எதுவும் செய்யாது. நீல நிறச் சத்திரசிகிச்சை மாஸ்க்கில் கன்னத்தருகே இடைவெளி இருக்கிறது. என்95 வகையின் இழைகளில் மின்னேற்றம் உண்டு. அது நுண்துகளை இழுத்துப் பிடிக்கும், முகத்தோடு ஒட்டியிருந்தால். தாடி இருந்தால் அந்த வழியாகக் காற்று நுழையும். ஓசோன், காபனோரொட்சைட்டு போன்ற வாயுக்களை அது தடுக்காது. தினமும் ஒட்டுகிறவருக்கு ஹெல்மெட்டுக்குள் அடங்கும் ரப்பர் அரைமாஸ்க்கும் பி100 வடிகட்டியும் நல்லது. ஒரு வடிகட்டியைப் பல நாள் பாவிக்கலாம் என்பதால் செலவும் அவ்வளவு கூடாது.

எங்கள் அண்ணை போன கச்சான் காற்றுக் காலத்தில், தெற்குப் பார்த்து நின்று ஒட்டும்படி மேசையை இழுத்துப் போட்டார். மேற்கிலிருந்து வரும் காற்றைத் தடுத்துக்கொண்டிருந்த பின்பக்கத் தகரத்தில் இரண்டைக் கழற்றினார். புகை இப்போது அவரது இடப்பக்கமாகச் சரிந்து வேலியைத் தாண்டிப் போகிறது. நவம்பரில் வாடை தொடங்கியதும் காற்று வடகிழக்கிலிருந்து வரும். அப்போது மேசையை மறுபடி திருப்ப வேண்டும் என்பதால், அதன் கால்களுக்கு இப்போதே சில்லுப் பூட்டிக்கொண்டிருக்கிறார்.