கடல் தெரியும் அறையும் காற்று வரும் அறையும்

போன மே மாதம் கரூரிலிருந்து சித்தப்பாவும் சித்தியும் வந்திருந்தார்கள். ஒரு வாரம் கடற்கரையில் தங்க வேண்டும் என்பது சித்தியின் வெகுநாள் ஆசை. கிழக்குக் கடற்கரைச் சாலையில் நீலாங்கரை தாண்டி ஒரு விடுதியில், கடலைப் பார்த்த அறையை நான்தான் பிடித்துக் கொடுத்தேன். காலை பதினொரு மணிக்குப் பால்கனிக் கதவைத் திறந்தோம். கண் கூசும் கடல். ஆனால் திரைச்சீலை அப்படியே தொங்கிக்கொண்டிருந்தது. சித்தப்பா சட்டையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, "ஏங்கண்ணு, கடலு இங்கிருக்குது, காத்து எங்க?" என்றார்.

"ஒன்றரை மணிக்கு வரும் சித்தப்பா."

ஏதோ கரூர் பஸ்ஸுக்கு நேரம் சொல்வதுபோல் இருந்திருக்கும் அவருக்கு, சிரித்தார். ஆனால் கடற்காற்று கிட்டத்தட்ட அப்படித்தான், நேரம் பார்த்து வரும்.

ஒரு கிலோ மணலை ஒரு டிகிரி சூடாக்கத் தேவைப்படும் வெப்பத்தைப் போல ஏறக்குறைய ஐந்து மடங்கு, ஒரு கிலோ தண்ணீருக்கு வேண்டும். அது மட்டுமல்ல. மணலில் வெயில் மேல் சில அங்குலத்திலேயே தங்கிவிடும். கடலிலோ ஒளி ஆழத்துக்கு இறங்கும், அலை புரட்டிக் கலக்கும், போதாததற்கு ஆவியாதலிலும் வெப்பம் செலவாகும். அதனால் மதியம் வெறுங்காலை வைக்க முடியாதபடி மணல் கொதிக்கும்போதும், கடல் 30 டிகிரிக்குப் பக்கத்தில் சும்மா கிடக்கிறது. தரைக்கு மேலுள்ள காற்று சூடாகி எழும்புகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது, அந்த இடத்தை நிரப்பக் கடல்மேல் இருக்கும் குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது.

இது பாடப்புத்தகத்தில் இருப்பதுதான். சென்னையில் இதற்கு ஓர் எதிராளி உண்டு. கோடையில் மேற்கிலிருந்து வீசும் மேல்காற்று. பழந்தமிழில் இதற்குப் பெயரே கோடை. கிழக்கிலிருந்து வருவது கொண்டல், வடக்கிலிருந்து வருவது வாடை, தெற்கிலிருந்து வருவது தென்றல். மேற்கு மலையில் ஈரத்தை இறக்கிவிட்டு, வறண்ட சமவெளியில் சூடேறி, இந்தக் கோடை சென்னைவரை வந்து கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவைக்கும். அது எப்போது தளர்கிறதோ அப்போதுதான் கடற்காற்று கரையேறும். சில நாள் பன்னிரண்டு மணிக்கே வந்துவிடும், சில நாள் மூன்று மணியாகியும் வராது. வராத நாட்களில்தான் வெயில் 40 டிகிரியைத் தாண்டுகிறது. 2003 மே 31 அன்று சென்னை 45 டிகிரியைத் தொட்டது.

பதினொரு மணிக்கு எங்கள் அறையில் காற்று இல்லாததற்குக் காரணம் இப்போது புரியும். காற்று அப்போதும் அடித்துக்கொண்டுதான் இருந்தது, ஆனால் கட்டடத்தின் முதுகுப் பக்கம். கடலைப் பார்த்த அறை அந்த நேரத்தில் காற்று மறைவில் இருந்தது. காலை வெயில் மட்டும் நேராக உள்ளே வந்தது.

ஒன்றே முக்காலுக்குக் காற்று வந்தது. கால் மணி நேரம் தாமதம். ஆனாலும் திரை அசைந்ததே தவிர எழவில்லை. எனக்கே வெட்கமாகிவிட்டது. அப்புறம் சித்தி டீ சொல்வதற்காக நடைபாதைப் பக்கத்துக் கதவைத் திறந்தார். அவ்வளவுதான், திரை கூரைவரை பறந்தது, மேசையில் இருந்த செய்தித்தாள் கட்டிலுக்கு அடியில் போனது. கதவு தானாகச் சாத்திக்கொண்டதும் திரை மறுபடி விழுந்தது.

அறை ஒரு பாட்டில் மாதிரி. வாயருகே எவ்வளவு ஊதினாலும், உள்ளே இருக்கும் காற்றுக்கு வெளியேற வழியில்லை என்றால் புதுக்காற்றுக்கு இடமில்லை. காற்று மோதும் பக்கம் அழுத்தம் கூடுகிறது, கட்டடத்தின் பின்பக்கம் குறைகிறது. இரண்டுக்கும் நடுவே வழி இருந்தால்தான் காற்று ஓடும். சுவர் முழுக்கக் கண்ணாடி வைத்துக் கடலைக் காட்டும் பல அறைகளில் எதிர்ப்பக்கம் ஒரு சின்ன ஜன்னல்கூடக் கிடையாது. என்னைக் கேட்டால், அறை பிடிக்கும்போது பால்கனியின் அகலத்தைவிட மேற்குச் சுவரில் என்ன இருக்கிறது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். இரவில் தரை சீக்கிரம் குளிர்ந்து, காற்று திசை மாறி, தரையிலிருந்து கடலுக்கு மெல்லப் போகும்போதும் அந்த ஜன்னல்தான் கைகொடுக்கும்.

இன்னொன்று. கடற்காற்று தொடங்கும்போது கிழக்கிலிருந்து வரும், சாயங்காலம் ஆக ஆகத் தென்கிழக்குக்குத் திரும்பிவிடும். பூமி சுழல்வதால் வட அரைக்கோளத்தில் ஓடும் காற்று தன் வலப்பக்கம் ஒதுங்குகிறது. மேற்கு நோக்கி வருவதற்கு வலப்பக்கம் என்பது வடக்கு. ஆகவே மாலை முழுக்கக் காற்று வேண்டுமானால் கட்டடத்தின் தென்கிழக்கு மூலை அறையைக் கேளுங்கள். வாஸ்து பார்ப்பவர்களுக்கு அது அக்னி மூலை, அடுப்பு வைக்கும் இடம், படுக்க ஆகாது என்பார்கள். நம் நல்ல காலம், அந்த அறை காலியாக இருக்க வாய்ப்பு அதிகம்.

காற்றோடு உப்பும் வரும். அலை உடையும்போது நுரையில் உள்ள கோடிக்கணக்கான குமிழிகள் வெடிக்கின்றன. ஒவ்வொரு வெடிப்பும் நுண்ணிய உப்புநீர்த் துளிகளை மேலே தெறிக்கவிடுகிறது. பெரிய துளிகள் கரையோரத்திலேயே விழுந்துவிடும், சிறியவை உள்ளே போகும். அதனால்தான் முதல் வரிசைக் கட்டடத்துக்கும் சில நூறு மீட்டர் தள்ளி இருப்பதற்கும் துருவில் அவ்வளவு வித்தியாசம். சமையலறை உப்பு ஜாடி மழைக்காலத்தில் நீர்த்துப்போவதைப் பார்த்திருப்பீர்கள். காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதா உப்பு தானாகவே நீரை இழுத்துக் கரையும். கடல் உப்பில் மெக்னீசியம் குளோரைடும் சேர்ந்திருப்பதால் அதற்கு முன்பே கசிய ஆரம்பித்துவிடும். சென்னை இரவுகளில் இந்த ஈரப்பதத்துக்குப் பஞ்சமில்லை. ஆக, மழையே பெய்யாத நாளிலும் கிரில் கம்பியின் மேல் ஒரு மெல்லிய உப்புநீர்ப் படலம் உட்கார்ந்திருக்கிறது.

கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பிக்கும் இதே கதிதான். துரு, இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும். உள்ளிருந்து நெம்பிக் காரையைப் பெயர்த்துவிடும். விடுதியைப் பார்க்கப் போனால் வரவேற்பறையின் புதுப் பெயிண்டைப் பார்க்காதீர்கள். பால்கனியில் நின்று அண்ணாந்து, மேல்மாடி பால்கனியின் அடிப்பக்கத்தைப் பாருங்கள். கம்பி போன போக்கில் பழுப்புக் கோடு ஓடினால் வேறு இடம் பார்ப்பது உத்தமம். ஏசியின் வெளிப்பெட்டியையும் ஒரு நோட்டம் விடுங்கள். செம்புக் குழாயும் அலுமினியத் தகடும் உப்புநீரில் சேர்ந்திருந்தால் சின்ன பேட்டரி மாதிரி வேலை செய்து அலுமினியம் அரித்துப்போகும். தகடு பொடிந்திருந்தால் ஏசி சத்தம் மட்டும்தான் போடும்.

இரண்டாம் நாள் காலையில் சித்தி குளியலறையிலிருந்து, "சோப்பு நுரையே வரல" என்று குரல் கொடுத்தார். குழாயில் வந்தது உப்புத் தண்ணீர். கடலோர மணலுக்கு அடியில் மழைநீர், கடல்நீரின் மேல் மிதந்துகொண்டிருக்கிறது. கடல்நீர் சுமார் இரண்டரை சதவீதம்தான் கனம் கூடியது. அந்தச் சின்ன வித்தியாசத்தின் கணக்கு பெரியது: கடல் மட்டத்துக்கு மேலே ஒரு மீட்டர் நல்ல தண்ணீர் நின்றால், கீழே சுமார் 40 மீட்டர் ஆழம்வரை நல்ல தண்ணீர் இருக்கும். திருப்பிப் போட்டால் பயமாக இருக்கும். மோட்டார் போட்டு நீர்மட்டத்தை ஒரு மீட்டர் இறக்கினால், காலப்போக்கில் உப்புநீர் 40 மீட்டர் மேலேறப் பார்க்கும். அறை பிடிக்கும்போது குழாய்த் தண்ணீரை ஒரு வாய் கொப்பளித்துப் பார்த்துவிடலாம்.

கடைசியாக மணல். நம் கரையில் மணல் நிற்பதில்லை, நடக்கிறது. தென்மேற்குப் பருவத்தில் அலைகள் சாய்வாக மோதி அதை வடக்கே தள்ளுகின்றன, வடகிழக்குப் பருவத்தில் தெற்கே. மொத்தக் கணக்கில் வடக்கே போவதுதான் அதிகம். 1870களில் சென்னைத் துறைமுகச் சுவர்களைக் கடலுக்குள் நீட்டினார்கள். வடக்கே போன மணல் சுவரில் தேங்கியது, தெற்கே மெரினா அகன்றது. வடக்கே ராயபுரம், திருவொற்றியூர் பக்கம் வரவேண்டிய மணல் வராமல் கடல் கரையைத் தின்றது. இன்று அங்கே கருங்கல் குவியல்தான் கரை. துறைமுகத்துக்கு எதிரில் இருக்கும் 'சென்னைக் கடற்கரை' ரயில் நிலையத்தில் இறங்கினால் கடற்கரை கிடையாது, பெயர்ப்பலகை மட்டும் உண்டு.

ஆகவே தூண்டில் வளைவுக்கோ (கரையைக் காக்கக் கடலுக்குள் நீட்டும் கற்சுவர்), ஆறு கடலில் சேரும் முகத்துவாரத்தின் சுவருக்கோ வடக்கே ஒட்டியிருக்கும் விடுதி என்றால் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பருவத்தையும் பார்க்க வேண்டும். மழைக்காலத்து அலை மணலை இழுத்துக்கொண்டு போகும், கோடையின் அமைதியான அலை கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பிக் கொடுக்கும். எங்கள் விடுதிக்காரர் வாட்ஸ்அப்பில் அனுப்பிய படத்தில் கிரிக்கெட் ஆடும் அளவுக்கு மணல் இருந்தது. நேரில் அதில் பாதிகூட இல்லை. படம் எந்த மாதம் எடுத்தது என்று கேட்டேன்.

"எல்லா மாசமும் இதே கடல்தான் சார்" என்றார்.