பிளெஷர்: வேலைக்குப் போன கையோடு ஊர் பார்ப்பது

அலுவலக மாநாடு, பயிற்சி என்று வெளியூர் போகிறவர்களிடையே இப்போது அடிக்கடி அடிபடும் சொல் பிளெஷர். பிசினஸ் (வேலை), லெஷர் (ஓய்வு) இரண்டையும் வெட்டி ஒட்டிய சொல், மோட்டாரும் ஹோட்டலும் சேர்ந்து மோட்டல் ஆன மாதிரி. 2009-ஐ ஒட்டி லண்டனில் நுகர்வோர் போக்குகளை ஆராயும் நிறுவனம் ஒன்றிலிருந்து கிளம்பியது என்பார்கள், பயணத் துறைக்காரர்கள் அதைக் கப்பென்று பிடித்துக்கொண்டார்கள். தமிழில் எழுதினால் ஒரு தொல்லை: இன்பத்தைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இதுவும் நம் எழுத்தில் ஒன்றாகிவிடும் (காரையே பிளஷர் என்று சொன்ன காலமும் இருந்தது). தமிழ்ச் சொல் தேட இந்த ஒரு காரணமே போதும்.

கறாரான பொருள் என்னவென்றால், வெள்ளிக்கிழமை மாநாடு முடிந்த பிறகும் சனி, ஞாயிறு தங்கி ஊரைப் பார்த்துவிட்டு வருவது. ஆனால் நடைமுறையில் அதைவிடச் சின்ன விஷயத்துக்கும் இதையே சொல்கிறார்கள். காலை அமர்வு முடிகிறது, அடுத்தது மூன்று மணிக்கு, நடுவில் இருப்பது நமக்குச் சம்பந்தமில்லாத தலைப்பு. பையை நாற்காலியில் வைத்துவிட்டு நாலு பேர் நைசாக வெளியே வந்து, கழுத்தில் தொங்கும் அடையாள அட்டையைக் கூடக் கழற்றாமல், எந்தப் பக்கம் போகலாம் என்று கைபேசியில் வரைபடத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு நிற்பார்களே, அதுவும் பிளெஷர்தான். ஒர்க்கேஷன் என்பது வேறு, குழப்பிக்கொள்ளக் கூடாது. அது சுற்றுலா போன இடத்துக்கு மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு போவது. எனக்கு அதில் ஒரு சுகமும் தெரியவில்லை.

வேரைத் தோண்டினால் வேடிக்கையாக இருக்கிறது. பிசினஸ் என்பதன் பழைய ஆங்கில வடிவத்துக்குக் கவலை, பதைப்பு என்று பொருள். லெஷர் பிரெஞ்சு வழியாக வந்தது, அதன் லத்தீன் மூலத்துக்குப் பொருள் 'அனுமதிக்கப்படுவது'. நம் லைசென்ஸும் அதே வேரில் பிறந்ததுதான். ஆக, பதைப்புக்கு நடுவே கிடைத்த அனுமதி! மேலாளரிடம் சொல்லாமல் வெளியே போனவர்களுக்கு இந்தச் சொல் பொருந்துமா என்பது தனிக் கேள்வி. செஷன் என்பதற்கும் லத்தீனில் உட்கார்தல் என்றே பொருள், அமர்வு என்ற தமிழ்ச் சொல் அதனால்தான் அவ்வளவு கச்சிதமாக உட்கார்ந்திருக்கிறது.

சரி, இதற்குத் தமிழில் என்ன சொல்வது? 'அலுவல் சுற்றுலா' என்று போடலாம் என்றால், அலுவலகமே சுற்றுலா அழைத்துப் போன மாதிரி ஒலிக்கிறது. 'ஊர் சுற்றுவது' எல்லோருக்கும் புரியும், ஆனால் வேலை வெட்டி இல்லாதவன் செய்வது என்ற ஏச்சு அதில் ஒட்டிக்கொண்டிருக்கிறது. 'நகர்வலம்' என்று கேலியாகச் சிலர் சொல்வார்கள். அது மாறுவேடத்தில் ராஜா இரவில் கிளம்புவது, தவிர வலம் என்றால் சுற்றி வருவது, இங்கே யாரும் முழு ஊரையும் சுற்றப் போவதில்லை.

உலா நல்ல சொல். உலாவு, உலாத்து எல்லாம் அதன் குடும்பம், அவசரமில்லாத நடை. இலக்கியத்தில் மட்டும் நிலைமை தலைகீழ். ஒட்டக்கூத்தரின் மூவருலாவில் சோழ மன்னன் பவனி வருவான், பேதை முதல் பேரிளம்பெண் வரை ஏழு பருவப் பெண்களும் அவனைப் பார்த்து மயங்குவார்கள். அதாவது ஊர்தான் ஆளைப் பார்க்கிறது. அட்டையைக் கழற்றாமல் தெருவில் நடப்பவர்களையும் ஊர் பார்க்கத்தான் செய்யும், மயங்குமா என்பது சந்தேகமே.

ஆள் ஊரைப் பார்ப்பதற்கு வேண்டுமானால் சிலப்பதிகாரத்துக்குப் போக வேண்டும். மதுரைக் காண்டத்தில் ஒரு காதைக்குப் பெயரே ஊர்காண் காதை. கோவலன் கவுந்தியடிகளிடம் சொல்லிக்கொண்டு மதுரைக்குள் போவது, அங்குள்ள வணிகர்களைக் கண்டு தன் நிலையைச் சொல்லத்தான். வேலை நிமித்தம்! ஆனால் காதையின் பிற்பகுதி மணிக்கடை, பொன்கடை, துணிக்கடை, கூலக்கடை என்று தெருத்தெருவாக நடக்கிறது, ஆளும் பார்த்து மகிழ்ந்து திரும்புகிறான். பிளெஷருக்கு இதைவிடப் பழைய, இதைவிடப் பொருத்தமான சான்று எனக்குத் தெரிந்து தமிழில் இல்லை. அவன் தனியாகப் போனான், நாம் கூட்டாளிகளோடு போகிறோம், அவ்வளவுதான் வித்தியாசம்.

பேச்சுத் தமிழுக்குப் புதுச் சொல்லே தேவையில்லை. 'மாநாட்டுக்குப் போன கையோடு ஊரையும் பார்த்துட்டு வந்துட்டோம்' என்றால் முடிந்தது, அந்தக் 'கையோடு' ஒன்றே வேலையையும் உலாவையும் சேர்த்துவிடுகிறது. ஆனால் 'கையோடு' பெயர்ச்சொல் இல்லையே, தலைப்பு வைக்கவோ படிவத்தில் நிரப்பவோ உதவாது. அதற்கு என் தேர்வு, அமர்வுகளுக்கு நடுவே போய் வருவது 'இடையுலா', வேலை முடிந்த பின் நாட்களைக் கூட்டித் தங்குவது 'பணியொட்டு உலா'. 'பணியிடை உலா' என்றும் சொல்லிப் பார்த்தேன், அதைக் கேட்டதும் பணியிடை நீக்கம்தான் ஞாபகத்துக்கு வருகிறது. இந்த இரண்டையும் பிரித்துச் சொல்வதில் ஒரு நடைமுறைப் பயனும் உண்டு: இடையுலாவுக்கு யாரும் கணக்குக் கேட்க மாட்டார்கள், பணியொட்டு உலாவில் கூடுதல் இரவுக்கு விடுதி வாடகையை யார் கட்டுவது, திரும்பும் டிக்கெட் தேதியை மாற்றினால் அந்தச் செலவு யார் தலையில் என்பதையெல்லாம் கிளம்பும் முன்பே அலுவலகத்தில் பேசிக்கொள்ள வேண்டியிருக்கும்.