பவர் கூடின ஊசி

"டாக்டரம்மா, பக்கத்து வீட்டுப் பையனுக்கு ஆபரேஷன் புண் சீழ் வெச்சப்போ வான்கோமைசின்னு ஒரு ஊசி போட்டாங்க. நல்ல பவராம். என் வீட்டுக்காரிக்கும் அதையே போட்டா என்ன?"

கல்ச்சர் ரிப்போர்ட் வாங்க வந்த பெரியவர் கேட்டது இது. மனைவிக்குச் சிறுநீர்த் தொற்று, கல்ச்சரில் வளர்ந்திருந்தது ஈ.கோலை என்ற பாக்டீரியா.

சரி, உள்ளே வாங்க ஐயா என்று மைக்ராஸ்கோப்பில் இரண்டு ஸ்லைடு காட்டினேன். ஒன்றில் ஊதா மணிகள், கொத்துக் கொத்தாக, அது புண்ணில் சீழ் வைக்கிற ஸ்டாஃபிலோகாக்கஸ், சுருக்கமாக ஸ்டாஃப். மற்றதில் இளஞ்சிவப்புக் குச்சிகள், அது ஈ.கோலை. 1884இல் கிராம் என்ற டென்மார்க் மருத்துவர் எழுதிவைத்த சாயமுறைதான் இன்றும். ஸ்டாஃபின் சுவர் தடிமன், ஆல்கஹால் ஊற்றினாலும் ஊதாவை விடாது. ஈ.கோலைக்குச் சுவர் மெல்லிசு. ஆனால் அதன்மேல் கொழுப்பாலான வெளிச்சவ்வு ஒன்று போர்த்தியிருக்கிறது.

சிக்கலே அந்தப் போர்வைதான். அதிலுள்ள துளைகளில் ஏறக்குறைய 600 டால்டன் (மூலக்கூறின் எடையைச் சொல்லும் அலகு) வரையுள்ள மூலக்கூறுகள்தான் நுழையும். வான்கோமைசின் சுமார் 1,450. பீரோவை ஜன்னல் வழியாக உள்ளே தள்ளுகிற கதை. அது போய்ப் பிடிக்கவேண்டிய இடம், கட்டப்பட்டுக்கொண்டிருக்கும் சுவரில் அலனைன் என்ற அமினோ அமிலம் இரண்டு சேர்ந்திருக்கும் முனை, ஈ.கோலையிலும் இருக்கத்தான் செய்கிறது. கைக்கு எட்டவில்லை, அவ்வளவுதான்.

எட்டினாலும் பிடி நழுவலாம். சில என்டிரோகாக்கஸ் கிருமிகள் அந்தக் கடைசி அலனைனை லாக்டேட்டாக மாற்றிக்கொள்கின்றன. மருந்தின் பிடிமானம் ஆயிரம் மடங்கு தளர்ந்துவிடுகிறது.

அந்தப் போர்வையையே கிழிக்கிற மருந்தும் உண்டு, கொலிஸ்டின். வெளிச்சவ்வின் எதிர்மின்னூட்டத்தில் ஒட்டி அதைக் குலைக்கும். சிறுநீரகத்தைப் பதம் பார்க்கும் என்பதால் கடைசி ஆயுதமாக வைத்திருக்கிறோம். அந்த மின்னூட்டத்தைக் குறைத்துத் தப்பிக்கும் எம்சிஆர்-1 மரபணு 2015இல் சீனாவில் தெரியவந்தது. கால்நடை, கோழித் தீவனங்களில் கொலிஸ்டின் கலப்பதை இந்தியா 2019இல் தடை செய்தது. இன்னொன்று, கொலிஸ்டினுக்கு டிஸ்க் (மருந்து தோய்த்த காகித வில்லை) வைத்துப் பார்த்த ரிப்போர்ட்டை நம்பாதீர்கள். பெரிய மூலக்கூறு, கிருமி வளர்க்கும் அகார் கூழில் சரியாகப் பரவாது.

பெரியவரின் ரிப்போர்ட்டில் நைட்ரோபுரான்டாயினுக்கு 'எஸ்', அதாவது கிருமி இந்த மருந்துக்குக் கட்டுப்படும் என்று வந்திருந்தது. வெறும் 238 டால்டன், பழைய மாத்திரை. சிகிச்சை பார்க்கும் டாக்டரும் அதையே 5 நாளுக்கு எழுதினார். சீட்டோடு மருந்துக்கடைக்குப் போனவர் பத்து நிமிடத்தில் திரும்பி வந்துவிட்டார்.

"விலை இவ்வளவு கம்மியா இருக்கே டாக்டரம்மா, இது கேட்குமா?"